பிடி வழுக்குகிறது

2016 ஜூன் 11 — 96
2016 அக்டோபர் 3 — 88
2017 பிப்ரவரி 20 — 74
2017 ஜூலை 8 — 62
2017 நவம்பர் 27 — 48
2018 மார்ச் 15 — 40
2018 மே 22 — 96

இவை பழக்கடை அக்காவுக்கு எங்கள் பெட்டியை அனுப்பக் கூரியர் கடையில் கட்டிய தொகைகள், ரூபாயில். இடையில் போன சிலவற்றை விட்டிருக்கிறேன். பெட்டி அதேதான், தூரமும் அதேதான். அந்த இரண்டு வருடத்தில் கட்டணம் ஏறவில்லை. மாறியதெல்லாம் உள்ளே இருந்த கத்தியின் எடை.

நாங்கள் ஏழு பேர். பிழைப்புக்காகக் கத்தி செய்கிறவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கறிக்கடைக்காரர், ஒருவர் லிஃப்ட் மெக்கானிக், நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மற்ற மூவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டுக்குப் பின்னால் கரி மூட்டி இரும்பை அடிப்பது எங்களுக்கு உள்ள கிறுக்கு. ஆளுக்கு ஓர் ஊரில் இருந்ததால் முதலில் போனில் படம் அனுப்பி ஆலோசனை கேட்டுக்கொண்டோம். படத்தில் எல்லாக் கத்தியும் அழகாகத்தான் இருந்தது. கனம் தெரியாது, கைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. அதனால் ஒரு மரப்பெட்டி செய்து, அதற்குள் ஒருவருடைய கத்தியை வைத்து, ஏழு பேருக்கும் சுற்றில் விட்டோம்.

சுற்றுக்குச் சில விதிகள் இருந்தன. கத்தியில் செய்தவர் பெயர் இருக்காது, நம்பர் மட்டும் இருக்கும். எந்த நம்பர் யாருடையது என்று சுற்று முடியும்வரை எனக்கு மட்டும் தெரியும். பெட்டி கையில் இருக்கும் நாட்களில் கத்தியை வேலை செய்ய வைத்துப் பார்த்து, ஒரு சீட்டில் குறையை மட்டும் எழுதி, மடித்து ஒட்டிப் போட வேண்டும். பாராட்டு கூடாது. பாராட்ட ஆரம்பித்தால் ஏழு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவோம் என்று பயந்தோம். இன்னொரு விதி, ஒவ்வொருவரும் ஒரே மாதிரி இரண்டு கத்தி செய்ய வேண்டும். ஒன்று சுற்றில் போகும். மற்றது எண்ணெய் தடவி, பயன்படுத்தாமல், என் அலமாரியில் இருக்கும். அதைச் சாட்சி என்போம். குறை செய்த விதத்திலா பயன்படுத்திய விதத்திலா என்று சண்டை வந்தால் சாட்சியை எடுத்துப் பார்க்கலாம்.

அக்கா லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, தள்ளுவண்டியில் பழம் நறுக்கி விற்றவர். அவருடைய அப்பா அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். அவர் போன பிறகு, பத்தொன்பது வயதில், ஒரு கூடை ஆரஞ்சோடு வாசலில் வந்து உட்கார்ந்தவர், கூடை வண்டியாகி, வண்டிக்குக் கூரை வந்து, தலை நரைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அன்னாசியின் கண்களைச் சாய்வாக ஒரே ஓட்டத்தில் எடுத்துக்கொண்டு வருவார். ஆப்பிள் தோலை அறுந்துபோகாமல் ஒரே நாடாவாகச் சீவி வண்டியின் ஆணியில் தொங்கவிடுவார். ஊசி போட்டுக்கொண்டு அழுது வரும் பிள்ளைகளுக்கு அது பரிசு. எந்த வார்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பழத்தைத் தொடுவார். சர்க்கரை வார்டு என்றால் மாம்பழம் கேட்டாலும் கொடுக்கமாட்டார். பல்லில்லாத பெரியவருக்கு என்றால் பப்பாளியைக் காகிதம் போல நறுக்குவார். வருகிறவர்களில் பாதிப் பேர் காசு கொடுத்துத் திட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் அடிக்கடி நின்றதால்தான் கல்யாணம் நடந்தது என்பார்கள். பழுது பார்க்க வந்தவர் தினமும் ஒரு தட்டுப் பழம் சாப்பிட்டார். லிஃப்ட் சரியான பிறகும் வந்தார். நான் முதல் தடவை அவர்களைப் பார்க்கப் போனபோது அக்கா என்னிடம் சொன்னது இது:

"நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வர்றாரு சார். போய்ச் சேர்ந்த இடம்னு ஒண்ணு கிடையாது."

புருஷன் அக்காவின் வண்டியைக் காட்டினார். "உனக்கு நாலு சக்கரம் இருக்கே. நீ மட்டும் எங்க போய்ச் சேர்ந்துட்ட?"

அவர்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருந்தாள்.

பகலில் வீட்டில் ஆள் இல்லாததால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வரும் பெட்டியைக் கூரியர்காரன் வண்டியிலேயே கொடுத்துவிட்டுப் போவான். சுற்றில் அவர்தான் கடைசி. அவரிடமிருந்து பெட்டி எனக்கு வரும். 2015 செப்டம்பரில் ஒருமுறை பெட்டியைத் திறந்தபோது எட்டாவதாக ஒரு சீட்டு இருந்தது. பழம் மடிக்கிற தாளில் எழுதியிருந்தது. ஏழு பேரும் அந்தக் கத்தியால் தாளை வெட்டிப் பார்த்திருந்தோம், கயிற்றை அறுத்துப் பார்த்திருந்தோம், முழங்கை முடியை மழித்துப் பார்த்திருந்தோம். எல்லோரும் முனையைப் பற்றியும் பளபளப்பைப் பற்றியும் நுணுக்கமாக எழுதியிருந்தோம். எட்டாவது சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "ஆப்பிள் கறுக்கிறது. எலுமிச்சையில் இரும்பு வாடை. உங்களில் யாராவது பழம் தின்பதுண்டா?"

சமையலுக்கான கத்தி என்றுதான் அந்தச் சுற்று தொடங்கியிருந்தது. ஒருவர்கூட ஒரு பழத்தை நறுக்கவில்லை. பல் டாக்டர் போனில் வெகுநேரம் சிரித்தார். அந்த அம்மாவைச் சுற்றில் சேர்த்துவிடுங்கள், மற்ற ஏழு பேரையும் நீக்கிவிட்டாலும் பரவாயில்லை என்றார். அப்படித்தான் அக்கா எட்டாவது ஆளானார்.

அதன் பிறகு எங்கள் பாடு கஷ்டமானது. பழத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும். அதைக் கடினமாக்க எங்கள் கரி அடுப்பின் சூடு ஒழுங்காக நிற்காது. பல் டாக்டரிடம் செயற்கைப் பல் வார்க்கும் சின்ன மின்சூளை இருந்தது. கத்திகள் அதற்குள் போயின. பல்லுக்காக வந்தவர் ஒருவர் சூளையிலிருந்து இடுக்கியில் கத்தி வெளியே வருவதைப் பார்த்து, பல் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டதாக டாக்டர் சொல்வார். எங்கள் கத்திகள் உண்மையிலேயே கத்திகளானது அந்தக் காலத்தில்தான். ஒவ்வொன்றையும் அக்கா ஆஸ்பத்திரி வாசலில், கூட்டத்தின் நடுவே, வேலை வாங்கிப் பார்த்தார். அவர் சீட்டுக்குத்தான் எல்லோரும் காத்திருந்தோம்.

2016 ஜூனில் போன பன்னிரண்டாம் நம்பர் லிஃப்ட் மெக்கானிக் செய்தது. மனைவிக்கென்றே செய்தார், ஆனால் விதிப்படி நம்பர் போட்டுச் சுற்றில் விட்டார். எட்டுச் சீட்டில் ஏழில் குறை இருந்தது. அக்காவின் சீட்டில் "குறை இல்லை" என்று இருந்தது. எங்கள் சுற்றில் அப்படி ஒரு சீட்டு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. சுற்று முடிந்ததும் அந்தக் கத்தி வண்டிக்குப் போனது. அதன் சாட்சி என் அலமாரியில் இருந்தது.

பதினான்காம் நம்பர் கறிக்கடைக்காரருடையது. அக்டோபரில் அக்காவின் சீட்டு வந்தது: "கனம். மாலையில் மணிக்கட்டு இழுக்கிறது." கறிக்கடைக்காரர் செய்தது என்பதால் எங்களுக்கு ஆச்சரியமில்லை. அடுத்தது கொஞ்சம் எடை குறைத்துச் செய்யப்பட்டது. அதற்கும் "கனம்" என்றார். பிறகு "பிடி மெலிந்திருக்கிறது, கைக்குள் சுற்றுகிறது" என்றார். பிடியைப் பருமனாக்கினோம். "பிடி வழுக்குகிறது" என்றார். சொரசொரப்பான மரம் போட்டோம், குறுக்கே கோடு கீறினோம். பன்னிரண்டாம் நம்பரையும் அவர் ஏழெட்டு மாதம் உழைத்த பிறகு டிராயரில் போட்டுவிட்டு, புருஷன் புதிதாகச் செய்துகொடுத்த இலேசான கத்திக்கு மாறினார். அதுவும் சில மாதத்துக்குத்தான். இன்னும் இலேசாக ஒன்று செய்தார்.

எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அக்கா எங்களை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றுகிறார் என்று நினைத்தோம். ஏழு பட்டறையிலும் கத்திகள் மெலிந்தன. பிடிகள் தடித்தன. குறை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி; ஆகையால் இந்தக் கத்தி கனமில்லை, இந்தப் பிடி வழுக்கவில்லை என்று யாரும் எழுத வழியில்லை. கறிக்கடைக்காரர் மட்டும் ஒரு சீட்டில், எடை போதவில்லை, கையில் இருப்பதே தெரியவில்லை என்று எழுதினார். அவர் எலும்பு வெட்டுகிறவர், அப்படித்தான் எழுதுவார் என்று ஒதுக்கிவிட்டோம்.

2017 டிசம்பரில் கறிக்கடைக்காரர் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். மேசையில் அந்த வருடக் கத்திகள் வரிசையாக இருந்தன. கறிக்கடைக்காரர் கடைசிக் கத்தியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும். அக்கா கைப்பிடிய மட்டும் அனுப்பினா போதும்பாங்க."

அக்காவும் சிரித்தார். "உங்க கடைக்கத்தியத் தூக்கணும்னா கிரேன் வேணும்ணே. அதான் இவரை வச்சிருக்கேன், லிஃப்டு."

அன்று தண்ணீர் டம்ளர் ஒன்று அவர் கையிலிருந்து விழுந்து உடைந்தது. சோப்புக் கை என்றார். வீட்டிலும் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் சோப்பை மாற்றியிருந்தார். கண்ணாடி டம்ளரை எடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்கியிருந்தார். ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்ட நேரமாகிறது என்று அக்கா சொன்னபோது, குறடு வைத்துக் கொக்கிகளை அகலமாக்கிக் கொடுத்திருந்தார். எது சிக்கினாலும் அதைப் பிரித்துப் பார்த்துச் சரி செய்கிற மனிதர். சீட்டில் அக்காவின் எழுத்து பெரிதாகிக்கொண்டும் கோணிக்கொண்டும் வந்தது. கடையில் கூட்டம் என்று நினைத்தோம்.

2018 மார்ச்சில் போன கத்தி நாங்கள் செய்ததிலேயே இலேசானது. அக்கா "கனம்" என்று எழுதினார். அதற்கு மேல் என்ன குறைப்பது என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரியவில்லை. பன்னிரண்டாம் நம்பரில் எது சரியாக இருந்தது என்று பார்க்க வேண்டும் என்றார். வண்டியில் உழைத்த கத்தி தீட்டித் தீட்டி ஒடுங்கியிருந்தது, பிடி கறுத்துத் தேய்ந்திருந்தது. அதனால் என்னிடமிருந்த சாட்சியைக் கேட்டார். எண்ணெயைத் துடைத்து, முப்பத்தொன்று என்று நம்பர் ஒட்டிச் சுற்றில் விட்டோம். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். பெட்டி வண்டிக்குப் போன வாரம் அவர் புது லிஃப்ட் பொருத்த வெளியூரில் இருந்தார். அக்காவே கட்டி அனுப்பிவிட்டார்.

சீட்டைப் பிரித்தேன். "கனம். பிடி வழுக்குகிறது. யாரோ என் வீட்டுக்காரர் கத்தியைப் பார்த்து அதே போலச் செய்திருக்கிறார்கள். அளவெல்லாம் வந்திருக்கிறது. அந்த நயம் வரவில்லை."

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். முப்பத்தொன்றுக்கு அக்காவின் சீட்டு வந்துவிட்டது என்றேன். படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இன்னொரு தடவை படிங்க சார்."

படித்தேன்.

"அந்தக் கத்தியில குறை இல்ல சார்."

"தெரியும்."

"அவளே சொன்னது. அவளே எழுதிக் கொடுத்தது."

"ஆமா."

அவர் பக்கத்தில் யாரோ சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு, நான் வீட்டுக்குப் போறேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வேலையைப் பாதியில் விட்டுப் பஸ் ஏறிவிட்டார் என்று பின்னால் அறிந்தேன்.

போனதும் கையைக் காட்டச் சொல்லியிருக்கிறார். "என்ன, ஜோசியமா? ஆயுசு எவ்ளோன்னு பாக்கறீங்களா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். வலது கையில் கட்டைவிரலுக்கு அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி விழுந்திருந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு பிடியையும் இந்தக் கைக்கென்று இழைத்தவர் அவர். பிடியின் பருமனை வெர்னியர் வைத்து மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தார். கையை ஒருநாளும் பார்த்ததில்லை.

தெரிந்த ஒரே டாக்டர் பல் டாக்டர்தான். அவரிடம் கூட்டிக்கொண்டு வந்தார். என்னையும் வரச் சொன்னார். அக்காவைப் பல் நாற்காலியில் உட்காரவைத்து, வாய்க்குள் அடிக்கிற விளக்கை இழுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் அடியில் விரிக்கச் சொன்னார் டாக்டர். இடது கையிலும் அந்தக் குழி தொடங்கியிருந்தது. தன் விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னார். அக்கா பல்லைக் கடித்து இறுக்கினார்.

"அவ்ளோதானாக்கா?"

"இறுக்கிட்டுத்தான இருக்கேன் டாக்டர்."

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல், நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதினார். அதற்கு முன் அந்தக் கையைக் கூட்டத்தில் எத்தனையோ முறை குலுக்கியிருக்கிறேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அக்கா வண்டி போட்டிருந்த அதே ஆஸ்பத்திரியில், அவர் புருஷன் பழுது பார்த்த லிஃப்டில் ஏறித்தான், நாலாவது மாடிக்குப் போனோம். கழுத்தில் எலும்பு தள்ளி, உள்ளே இறங்குகிற நரம்புத் தண்டை அமுக்கியிருந்தது. கைக்குப் போகிற பலம் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக நின்றுகொண்டிருந்தது. வலி இல்லாததால் தெரியவில்லை. நரம்பு டாக்டர் படத்தை வைத்துக்கொண்டு, கையில் பலம் குறைய ஆரம்பித்து எத்தனை நாளாகிறது என்று கேட்டார்.

லிஃப்ட் மெக்கானிக் சொன்னார்: "பதினாலாம் நம்பர்லேர்ந்து."

டாக்டருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். அவர் மறுபடியும் அதையே சொன்னார். 2016 அக்டோபர் என்று நான் சொன்னேன்.

ஆபரேஷன் உடனே செய்ய வேண்டும், செய்தால் இதற்கு மேல் போகாமல் நிற்கும், போனது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். முதல் வருடத்திலேயே வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். கடிந்து சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"கத்திதான் சரியில்லன்னு நெனச்சேன் சார். பாவம், எல்லாரையும் எவ்ளோ வேலை வாங்கிட்டேன்."

ஜூலையில் ஆபரேஷன் நடந்தது. பலக்குறைவு காலுக்கு இறங்காமல் நின்றது, அதுவரைக்கும் நல்லது. கை வரவில்லை. விரல்களுக்கு ரப்பர் பந்து கொடுத்தார்கள், களிமண் கொடுத்தார்கள். மகள் வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போனாள். சோறு பிசையவும் தலை வாரவும் லிஃப்ட் மெக்கானிக் பழகிக்கொண்டார். வாசலில் வண்டி இருந்த இடத்தில் ஜூஸ் போடுகிறவன் ஒருவன் மெஷினோடு வந்துவிட்டான். அக்கா ஒருநாள் பரிசோதனைக்குப் போகும்போது அவனிடம் நின்று, சர்க்கரை வார்டுக்காரர்களுக்கு மாம்பழ ஜூஸ் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவன் யார் என்று தெரியாமல், உங்களுக்கு என்ன ஜூஸ் வேணும் என்று கேட்டானாம்.

பெட்டி சில மாதம் எங்கும் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் செய்த கத்திகள் ஏழு பட்டறையிலும் தனியாகத் தெரிந்தன. பெரியவர்களுக்கு இலேசு, குழந்தைகளுக்குப் பிடி பருமன். யாருக்கும் உதவாத கத்திகள். கறிக்கடைக்காரர் தன்னுடையவற்றை உருக்கக் கொடுக்கவில்லை. துணியில் சுற்றி மேலே வைத்திருக்கிறார்.

லிஃப்ட் மெக்கானிக் மட்டும் செய்துகொண்டிருந்தார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று நம்பர் கேட்டுப் போன் செய்வார். சுற்றுக்கு விட மாட்டார். நேராக வீட்டுக்குத்தான். அக்கா ஒரு தட்டு ஆப்பிளாவது தன் கையால் நறுக்கிவிட வேண்டும் என்று இருந்தார். முப்பத்து நான்கில் பிடியே இல்லை. அலகின் முதுகில் ஒரு தோல்பட்டை, அதை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிவிடலாம். விரலால் பிடிக்க வேண்டாம், கையை வைத்தால் போதும். விதிப்படி குறைச்சீட்டு வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னார். இதற்கெல்லாம் இனி விதி எதற்கு என்றேன். அவள் பொய் சொல்லாத இடம் அந்தச் சீட்டு ஒன்றுதான் சார் என்றார்.

பெட்டி வரவில்லை. தபாலில் கடிதம் மட்டும் வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் கையெழுத்து.

"முப்பத்து நான்காம் நம்பர். பட்டையைக் கட்டிவிட்டால் கையில் நிற்கிறது. ஆப்பிளின் மேல் வைத்து அழுத்தினேன். தோலைத் தாண்டவில்லை. அவர் என் கைமேல் கைவைத்து அழுத்தினார், அப்போது வெட்டியது. அது நான் வெட்டியது ஆகாது. குறை கத்தியிலா கையிலா என்று இனிமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குப் பெட்டி அனுப்ப வேண்டாம்.

சொன்னது அவள். எழுதியது நான்."

கடிதம் வந்து சேர்ந்தது 2019 பிப்ரவரி 9.